வலது தோளில் ஏன் ஒன்றுமில்லை?

கேள்வி:

தம்பிக்கு வணக்கம். நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருடம், அப்புறம் ராணுவ இடங்களுக்குக் காவல் நிற்கும் டிஎஸ்சி படையில் 14 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரம்மா நர்ஸ். அவர் வேலை மூலமாகக் குடும்பம் ஹூஸ்டன் வந்தது. மகன் 2009இல் மரைன் கோர் என்ற அமெரிக்கக் கடல்சார் படையில் சேர்ந்தான். 2011இல் ஆப்கானிஸ்தானில், ஹெல்மண்ட் மாகாணத்தில், ஏழு மாதம் இருந்தான். 2013இல் வெளியே வந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். போன வருடம் மறுபடி ஆசை வந்து டெக்சாஸ் மாநிலத்தின் பகுதிநேர ராணுவமான ஆர்மி நேஷனல் கார்டில் சேர்ந்துவிட்டான்.

போன மாதம் அவர்கள் யூனிட்டில் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். அவனைவிடப் பத்து வயது இளைய பையன்களின் வலது தோளில்கூட பேட்ச், அதாவது துணிச் சின்னம், இருக்கிறது. இவன் தோளில் கொடி மட்டும். அதற்குக் கீழே வெறும் வெல்க்ரோ. கேட்டால் "மரைன்ல போனது இங்க செல்லாதுப்பா, விடுங்க" என்கிறான். ஆர்மியின் பச்சைக் கோட்டில் மெடல் ரிப்பன்களைக் குத்தும்போது, துப்பாக்கி சுடும் தேர்வுக்கு மரைனில் கொடுத்த பேட்ஜை எடுத்து வைத்துவிட்டான். கழுகும் உலக உருண்டையும் நங்கூரமுமாக இருக்கும் மரைன் சின்னத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் ஏற்றிவிட்டான்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதித்ததை எந்த நியாயத்தில் கழற்றச் சொல்கிறார்கள்? எதை அணியலாம், எதை அணியக் கூடாது? மீறி அணிந்தால் கேஸ் ஆகுமா? அவன் யாரிடமும் கேட்க மாட்டான். அதனால் நான் கேட்கிறேன். மரைனிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிடி-214 பணிச் சான்றிதழ், அந்தக் கோட்டு, இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்:

ஹவில்தார் ஐயா, வணக்கம். உங்கள் மகனுக்கு யூனிட்டில் சொன்னது சரிதான். வலது தோள் காலியாகத்தான் இருக்க வேண்டும். கழுகும் நங்கூரமும் ஆர்மி சட்டையில் ஏறக் கூடாது. ஆனால் அவன் அந்த டப்பாவில் தேவைக்கு மேலேயே போட்டுவிட்டான். மரைனிலிருந்து ஆர்மிக்கு வரும் பையன்களில் இரண்டு ரகம் பார்த்திருக்கிறேன். ஒரு ரகம் இருப்பதையெல்லாம் குத்திக்கொண்டு வந்து நிற்கும். இன்னொரு ரகம் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடும். உங்கள் மகன் இரண்டாவது ரகம்.

நான் அமெரிக்க நேவியில் 4 வருடமும் பிறகு ஆர்மியில் 18 வருடமும் இருந்தவன். ஆர்மியில் என் வேலை எஸ்-1. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பட்டாலியன் ஆபீஸ் கிளார்க். லீவு, சம்பளம், பதவி உயர்வு, மெடல் எல்லாவற்றுக்கும் பேப்பர் அங்கேதான் போகும். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கேட்பவர் அப்பாவாக இருப்பதுதான் புதிது.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். டிஎஸ்சி டியூட்டியில் நின்ற முதல் நாள் உங்கள் தொப்பியில் மெட்ராஸ் ரெஜிமென்டின் யானை இருந்ததா? இருந்திருக்காது. டிஎஸ்சியின் சின்னம்தான் இருந்திருக்கும். ஆனால் இடது நெஞ்சில் ரிப்பன்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அவற்றை யாரும் கழற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். யானை போயிற்றே என்று மனசு கொஞ்சம் கனத்திருக்கலாம், ஆனால் எந்த நியாயத்தில் என்று நீங்கள் சண்டைக்குப் போயிருக்க மாட்டீர்கள். இங்கேயும் அதே கணக்குதான். ஆளுக்குக் கொடுத்தது ஆளோடு வரும். படைக்குச் சொந்தமானது படையிலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பேட்ஜ் என்று ஒரு இனம் இருக்கிறது. தகராறெல்லாம் அதில்தான்.

தோள் பேட்ச் படைக்குச் சொந்தமான இனம். அது பிறந்த கதையே அப்படித்தான். 1918இல் முதல் உலகப் போருக்குக் கப்பல் ஏறிய 81வது டிவிஷன்காரர்கள் தோளில் ஒரு காட்டுப்பூனைப் படத்தைத் தைத்துக்கொண்டு போனார்கள். மற்ற டிவிஷன்காரர்கள், இவர்களுக்கு மட்டும் என்ன என்று புகார் செய்தார்கள். தளபதி பெர்ஷிங் பூனையைப் பிய்க்கச் சொல்லவில்லை. நீங்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆர்மியில் தோள் என்றால் டிவிஷன். இடது தோளில் இப்போது இருக்கும் யூனிட்டின் பேட்ச். டெக்சாஸ் கார்டின் 36வது டிவிஷன் என்றால் வெளிர்நீல அம்புமுனைக்குள் ஒரு டி எழுத்து. வலது தோளில், எந்த யூனிட்டோடு போர்க்களத்துக்குப் போனாரோ அந்த யூனிட்டின் பேட்ச். இதைத்தான் எல்லோரும் காம்பாட் பேட்ச் என்பார்கள்.

மரைன்கள் வழி வேறு. இரண்டாம் உலகப் போரில் அவர்களும் தோளில் பேட்ச் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்கள். 1947இல் அதை நிறுத்திவிட்டார்கள். மரைன் என்றால் மரைன், அதில் எந்த டிவிஷன் என்று தோளில் எழுதி ஒட்டத் தேவையில்லை என்பது அவர்கள் பிடிவாதம். ஆக, ஹெல்மண்டில் நின்றபோதே உங்கள் மகன் தோளில் டிவிஷன் பேட்ச் கிடையாது. அங்கேயே இல்லாததை இங்கே எப்படிக் கொண்டுவருவது?

சரி, அதே ஆப்கானிஸ்தானில் இருந்த ஏதாவது ஆர்மி யூனிட்டின் பேட்சை ஒட்டிக்கொள்ளட்டுமே என்று தோன்றும். அதற்கும் வழியை அடைத்துவிட்டார்கள். ஆர்மியின் உடை விதி ஏஆர் 670-1. அதோடு விளக்கக் கையேடு ஒன்றும் உண்டு. அந்தச் சமயத்தில் ஆர்மி யூனிட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே வலது தோள் பேட்ச், அதே போரில் வேறு படையில் இருந்து பின்னால் ஆர்மிக்கு வந்தவர்களுக்குக் கிடையாது என்று எழுத்திலேயே இருக்கிறது. சண்டைக்குப் போனாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போனபோது எங்கள் வீட்டில் இருந்தாயா என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஈராக்கில் இருந்த காலம் பூராவும் ஏசி போட்ட ஒரு கன்டெய்னருக்குள் உட்கார்ந்து மற்றவர்களின் லீவு பேப்பரைத் தட்டிக்கொண்டிருந்தவன். என் வலது தோளில் பேட்ச் இருந்தது. ஹெல்மண்டில் கண்ணிவெடி எங்கே இருக்கிறது என்று தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தவன் தோளில் வெறும் வெல்க்ரோ. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் என் பேட்ச் சொல்வது, நான் இந்த யூனிட்டோடு அங்கே இருந்தேன் என்பதை மட்டும்தான். தோளைப் பார்த்து வீரத்தை எடை போடுகிறவர்கள் புதுப் பையன்கள். பழைய ஆட்கள் நேராக இடது நெஞ்சைத்தான் பார்ப்பார்கள். நாளைக்கு உங்கள் மகன் 36வது டிவிஷனோடு அப்படி ஓர் இடத்துக்குப் போய்வந்தால், விதிப்படி அந்த அம்புமுனையே வலது தோளிலும் வரும்.

நெஞ்சுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய கோட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பை மேலே ஒரு ரிப்பன், ஒரு ஓரம் கருநீலம், மறு ஓரம் சிவப்பு, உள்ளே பொன்மஞ்சள், நட்ட நடுவில் மெல்லிய சிவப்பு வெள்ளை நீலக் கோடுகள். அதுதான் காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன். நேவி, மரைன், கோஸ்ட் கார்டு ஆட்களுக்காக 1969இல் வந்தது. போர் நடக்கும் நாட்டில் இருந்ததற்கெல்லாம் அதைத் தர மாட்டார்கள். எதிரி சுடும்போது அந்தச் சண்டையில் தானும் இறங்கி நின்றவருக்குத்தான். அது ஆர்மி கோட்டிலும் ஏறும், மகன் சரியாகவே வைத்திருக்கிறான். என் தோள் பேட்ச் பத்தைக் கொடுத்தாலும் அந்த ஒரு ரிப்பனுக்கு ஈடாகாது.

ஆர்மியில் இதே வேலையைச் செய்வது ரிப்பன் அல்ல, பேட்ஜ். காலாட்படைக்கு 1943இல் வந்த காம்பாட் இன்ஃபான்ட்ரிமேன் பேட்ஜ். மற்றவர்களுக்கு 2005இல் வந்த காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ். ரிப்பனைக் கொடுத்து பேட்ஜாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது மகனிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அப்படி மாற்ற வழியில்லை. ரிப்பன் ரிப்பனாகவே இருக்கட்டும்.

நேவி அச்சீவ்மென்ட் மெடல், அந்தப் பச்சையில் ஆரஞ்சுக் கோடு போட்ட ரிப்பன், அதுவும் வரும். மரைன் குட் கான்டக்ட் மெடல் வரும். ஆப்கானிஸ்தான் கேம்பெய்ன் மெடலும் நேஷனல் டிஃபன்ஸ் மெடலும் எல்லாப் படைக்கும் பொது என்பதால் பேச்சே இல்லை. கடல் கடந்து போனதற்கான ஸீ சர்வீஸ் ரிப்பன்கூட வரும், ஆர்மியின் சொந்த ரிப்பன்களுக்குப் பின்னால். நாளைக்கு ஆர்மி அச்சீவ்மென்ட் மெடல் ஒன்று கிடைத்தால் அது தனி ரிப்பன். நேவியுடையதன் இரண்டாவது தடவை என்று சேர்த்து எண்ணக் கூடாது. நேவியில் இரண்டாவது தடவைக்குப் பொன் நட்சத்திரம், ஆர்மியில் ஓக் இலை. இரண்டையும் குழப்பி நேவி ரிப்பன் மேல் ஓக் இலை குத்திக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்களும் மகனும் கவனிக்காத இடம். டிடி-214இல் 13வது கட்டத்தைப் பாருங்கள். மெடல், ரிப்பன், பேட்ஜ் எல்லாம் அங்கேதான் வரிசையாக அடித்திருக்கும். மூன்றாவது வரியில் நேவி யூனிட் கமென்டேஷன் என்று இருக்கிறது. கோட்டில் அது இல்லை. ஏன் விட்டான் என்று ஊகிக்க முடிகிறது. மரைனில் அந்த ரிப்பன் மற்றவற்றோடு சேர்ந்து இடப்பக்கமே இருக்கும். ஆர்மியில் யூனிட்டுக்குக் கிடைத்த விருது வலப்பக்கம், பெயர்ப்பட்டைக்கு மேலே, பை மேல் நடுவாக வர வேண்டும். மற்ற பையன்களின் வலப்பக்கம் பொன்நிறச் சட்டம், அதாவது ஃப்ரேம், போட்ட ரிப்பன்களாக இருந்திருக்கும். தன்னுடையதற்குச் சட்டம் இல்லையே, இது இங்கே செல்லாது போலிருக்கிறது என்று டப்பாவில் போட்டிருப்பான். சட்டம் என்பது ஆர்மி விருதுக்கு மட்டும். நேவியின் யூனிட் விருதுக்குச் சட்டம் கிடையாது, சட்டம் இல்லாமலே அதே இடத்தில் வைக்கலாம். நடுவில் அகலப் பச்சையும் இரண்டு ஓரத்திலும் நீலம், மஞ்சள், சிவப்புமாக ஒரு ரிப்பன் டப்பாவில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

யூனிட்டுக்குக் கொடுத்த விருது எப்படி ஆளோடு வருகிறது என்று நீங்கள் மடக்கலாம். நல்ல கேள்விதான். அந்த விருதைச் சம்பாதித்த நாட்களில் அவன் அந்த யூனிட்டில் இருந்தான், அதனால் நிரந்தரமாக அவனுடையது. இதே ஆர்மியில், யூனிட் எப்போதோ வாங்கிய விருதைப் புதிதாக வந்தவரும் அங்கே இருக்கும்வரை போட்டுக்கொள்ளலாம், மாற்றலாகிப் போகும்போது கழற்றிவிட வேண்டும். வாடகை வீட்டு ஃபேன் மாதிரி.

துப்பாக்கி பேட்ஜை எடுத்து வைத்தது சரி. மரைன்கள் 200, 300, 500 கஜத்திலிருந்து சுடுகிறவர்கள். ஆர்மி தேர்வில் 50 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குள் திடீர் திடீரென்று எழும்பும் 40 இலக்குகள். 36 அடித்தால் எக்ஸ்பர்ட், 30 என்றால் ஷார்ப்ஷூட்டர், 23 என்றால் மார்க்ஸ்மேன். பழைய மரைனுக்கு 300 மீட்டர் விளையாட்டு. கடைசியாகச் சுட்ட தேர்வில் என்ன வந்ததோ அதைத்தான் ஆர்மி பேட்ஜ் காட்டும். போய்ச் சுட்டுவிட்டு ஆர்மியுடையதைக் குத்திக்கொள்ளட்டும்.

இந்த விஷயத்தில் நான் அவமானப்பட்டே கற்றுக்கொண்டேன். நேவியில் எனக்குப் பிஸ்டல் எக்ஸ்பர்ட் ரிப்பன் கிடைத்தது, அதன் மேல் வெள்ளியில் ஒரு ஈ எழுத்து இருக்கும். ஆர்மியில் சார்ஜன்ட் பதவிக்கான நேர்காணலுக்கு அதையும் குத்திக்கொண்டு, ஷூவில் முகம் தெரிய பாலிஷ் போட்டுக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த சார்ஜன்ட் மேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வந்தார். பேனா முனையால் அந்த ரிப்பனை இரண்டு தட்டு தட்டினார். "இது என்ன?" என்றார். பெருமையாகச் சொன்னேன். "நேவியின் சுடும் ரிப்பன் ஆர்மி உடையில் வராது. நீ எஸ்-1 கிளார்க் இல்லையா?" என்றார். அந்தத் தடவை பதவி வரவில்லை. அதற்கு ரிப்பன் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு சில பதில்களும் சொதப்பல்தான். ஆனாலும் அன்று ராத்திரி 670-1ஐ முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

கழுகு, உருண்டை, நங்கூரம். உங்களுக்கு வலிப்பது இதுதான் என்று தெரிகிறது. மரைன் பயிற்சியின் முடிவில் க்ரூசிபிள் என்று 54 மணி நேரம் சோறும் தூக்கமும் சரியாக இல்லாமல் நடக்கவிட்டு, கடைசியில் உள்ளங்கையில் அந்தச் சின்னத்தை வைப்பார்கள். பெரிய பெரிய பையன்களே அங்கே அழுதுவிடுவார்கள். அதை வாங்கியவன் எப்படிச் சாதாரணமாக டப்பாவில் போட்டான் என்று கேட்கிறீர்கள். சாதாரணமாகப் போட்டிருக்க மாட்டான், ஐயா. அந்தச் சின்னம் ஒரு மெடல் அல்ல. இவன் இப்போது மரைன் படையில் பணியில் இருக்கிறான் என்று சொல்லும் சின்னம். ஆர்மி கோட்டில் அதைக் குத்தினால் பார்ப்பவனுக்கு இரண்டு பதில் கிடைக்கும், யூனிஃபார்ம் ஒரு பதில்தான் சொல்ல வேண்டும்.

தோனி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2019 உலகக் கோப்பையில் கீப்பிங் கையுறையில் பாரா படையின் பலிதான் சின்னத்தோடு இறங்கினார். கௌரவ லெப்டினன்ட் கர்னல், ஆக்ராவில் பாராசூட்டில் ஐந்து தடவை குதித்தவர். அப்படியும் ஐசிசி அதை எடுக்கச் சொன்னது. நம் ஊரில் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! எனக்கும் வந்தது, தல ஆயிற்றே. ஆனால் சின்னத்தில் அங்கே குறையொன்றும் சொல்லவில்லை, கையுறை கிரிக்கெட்டுடையது என்றுதான் சொன்னார்கள்.

யூனிஃபார்மைக் கழற்றிய பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? டீ-ஷர்ட், தொப்பி, மோதிரம், கார்க் கண்ணாடி ஸ்டிக்கர், எதிலும் போட்டுக்கொள்ளலாம். முழங்கையில் பச்சை குத்தியிருந்தால் அதை எந்த சார்ஜன்ட் மேஜராலும் கழற்ற முடியாது. ஒவ்வொரு நவம்பர் 10ஆம் தேதியும் மரைன்களின் பிறந்தநாள். அன்றைக்கு ஆர்மி ஆபீசில் இருக்கும் பழைய மரைன்கள் எப்படியோ ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து ஒரு மூலையில் கேக் வெட்டிவிடுவார்கள். எங்கள் ஆபீசில் அந்தக் கேக்கைச் சாப்பிட்டே எனக்கு எடை கூடியது.

கேஸ் ஆகுமா என்று கேட்டீர்கள். தெரியாமல் ஒரு ரிப்பனைத் தப்பான பக்கம் குத்தினால் கேஸ் கிடையாது. யாராவது கூப்பிட்டுத் திருத்துவார்கள், என்னைத் திருத்திய மாதிரி. தனக்கு உரிமையில்லை என்று தெரிந்தே பணியில் இருப்பவர் பேட்ஜோ ரிப்பனோ அணிந்தால் ராணுவச் சட்டத்தில் அதற்கென்றே 106ஏ என்று ஒரு பிரிவு உண்டு. வெளியே சிவிலியனாக இருந்துகொண்டு மெடல் கதை விடுகிறவர்களுக்கு வேறு சட்டம். அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை வாங்காமலே வாங்கியதாகச் சொன்ன அல்வாரெஸ் என்பவர் வழக்கில், வெறும் பொய்க்குத் தண்டனை கூடாது, அது பேச்சுரிமைக்குள் வருகிறது என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. 2013இல் புதுச் சட்டம் வந்தது. அந்தப் பொய்யால் பணமோ சொத்தோ வேறு ஆதாயமோ அடைய முயன்றால் இப்போது குற்றம். உங்கள் மகனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் தூக்கம் கெட வேண்டாம் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

ஆனால் காகித விஷயத்தில் மட்டும் நான் கறார். அமெரிக்க நேவியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து தலைமைத் தளபதி வரை உயர்ந்த முதல் ஆள் அட்மிரல் பூர்டா. வியட்நாம் கால ரிப்பன் இரண்டில் வீ எழுத்து வடிவில் சின்ன வெண்கலப் பின் குத்தியிருந்தார். போரில் காட்டிய செயலுக்கான அடையாளம் அது. அதற்கு உரிமை உண்டா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்குள் அவற்றைக் கழற்றிவிட்டிருந்தார். அப்படியும் 1996 மே மாதம், நேர்காணலுக்கு அவர்கள் வரவிருந்த அன்று, உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் அணிந்தது சரிதானா என்ற வாதம் அப்புறமும் வருஷக்கணக்கில் ஓடியது. விருது உத்தரவில் ஒரு வரி தெளிவாக இருந்திருந்தால் அந்த வாதமே கிடையாது. எஸ்-1 வேலைக்கு வந்த ஒவ்வொரு புதுப் பையனுக்கும் இந்தக் கதையை முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

ஆகவே மகன் செய்ய வேண்டியது இது. டிடி-214 பல பிரதிகளாக வரும். 4வது பிரதி என்று அடித்திருக்கும் முழுப் பிரதியை யூனிட்டின் எஸ்-1இல் கொடுத்து, 13வது கட்டத்தில் இருப்பதெல்லாம் ஐபிபிஎஸ்-ஏ என்ற ஆர்மி கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து என்று நான் சொல்வது காரணத்தோடுதான். மரைன் ரிப்பன் பெயரெல்லாம் ஆர்மி கிளார்க்குக்குப் பாதி புரியாது, விட்டுவிடுவார். அங்கே ஏறாவிட்டால் பதவி உயர்வுக்குப் பார்ப்பவர்கள் கண்ணிலும் படாது. 13வது கட்டத்திலேயே ஏதாவது விடுபட்டிருந்தால் அதை ஆர்மியால் சேர்க்க முடியாது. குவான்டிகோவில் இருக்கும் மரைன் தலைமையகப் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும். அங்கிருந்து டிடி-215 என்ற திருத்தத் தாள் வரும். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுக்கட்டும். பணி முடித்தவர்களின் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் 1973 ஜூலையில் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் கோப்புகள் சாம்பலாகின. அரசாங்கத்திடம் இருக்கும் என்று நம்பியவர்கள் எத்தனையோ பேர் பின்னால் அலைந்தார்கள்.

இதே பாதையில் எதிர்த்திசையில் போகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஆர்மியிலிருந்து மரைனுக்குப் போகிறவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். பாராசூட் இறக்கை பேட்ஜ் கூடவே வரும். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கப் பத்து நாள் கஷ்டப்பட்டு வாங்கிய ஏர் அசால்ட் பேட்ஜ் வராது. காம்பாட் இன்ஃபான்ட்ரிமேன் பேட்ஜும் வராது. ஆனால் அந்த பேட்ஜுக்கான உத்தரவைக் காட்டினால் காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன் அணிய அனுமதி தருகிறார்கள். ஆர்மி அந்த மரியாதையைத் திருப்பிச் செய்வதில்லை என்பது என் பழைய மனக்குறை.

கடைசியாகக் கோட்டின் கை. படத்தில் இடது கையின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கிறது. மரைனில் நான்கு வருடப் பணிக்கு ஒரு சாய்ந்த கோடு, இரண்டு கையிலும். 2013இல் வெளியே வரும்போது ஒன்று வைத்திருப்பான். ஆர்மியில் மூன்று வருடத்துக்கு ஒன்று, இடது கையில் மட்டும். மரைனில் இருந்த வருடங்களும் இதில் சேரும், நடுவில் விட்ட இடைவெளி குறுக்கே நிற்காது. இன்றைக்கே ஒரு சாய்ந்த கோடு போட்டுக்கொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது. மரைனில் நாலு, கார்டில் போன வருடத்திலிருந்து எண்ணினால், ஆறு சீக்கிரமே நிறைந்துவிடும். தையல்காரரிடம் போகும்போது இரண்டு கோடாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.